பத்து வாரப் படிப்புக்கு எந்த விசா? கொழும்பில் இரண்டு ஆலோசனை அலுவலகங்கள் ஏறி இறங்கிய அனுபவம்

தங்கச்சி கொழும்பில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். 2025 நடுப்பகுதியில் மான்செஸ்டரில் ஒரு மொழிப் பள்ளியில் பத்து வார வகுப்புக்கு இடம் கிடைத்தது, இங்கே சம்பளமில்லாத லீவும் தந்துவிட்டார்கள், மிச்சம் விசா மட்டும்தான். அந்த விசாவுக்காக ஏறிய இரண்டு அலுவலகங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதே குழப்பத்தில் நிற்கும் பிள்ளைகளை வெள்ளவத்தைப் பக்கம் வாராவாரம் பார்க்கிறேன்.

முதலில் போனது காலி வீதியில் உள்ள பெரிய இடம். பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் நிறையப் பல்கலைக்கழகப் படங்கள். கதைத்த தம்பி மரியாதையான பிள்ளை, அவரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வியே "பட்ஜெட் எவ்வளவு மிஸ்?" என்பதுதான். எத்தனை வாரம், என்ன படிப்பு, திரும்பி வந்து என்ன செய்யப் போகிறீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. பத்து வாரம் என்று நாங்களாகச் சொன்னபோது, குறுகிய படிப்புக்கெல்லாம் விசா தரமாட்டார்கள், ஒரு வருட டிப்ளோமாவாக எடுங்கள், ஸ்டூடண்ட் விசாவில் போகலாம் என்றார். அப்பாவும் பாதி சம்மதித்துவிட்டார். கணக்கில் காசு காணாவிட்டால் ஷோ மணிக்கும், அதாவது விசாவுக்குக் காட்டுவதற்காக மட்டும் கொஞ்ச நாள் கணக்கில் போட்டுத் தரும் காசுக்கும், ஆள் இருக்கிறது என்று சொன்னபோதுதான் தங்கச்சி பைலை மூடிக்கொண்டு எழும்பினாள்.

அவர் சொன்னது பிழை. பிரித்தானியாவில் ஆறு மாதம் வரையான படிப்புக்கு ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவே போதும், படிக்கும் இடம் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. ஆங்கிலப் பள்ளி என்றால் பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. ஆறு மாதத்துக்கு மேல் பதினொரு மாதம் வரை ஆங்கிலம் மட்டும் படிக்கிறவர்களுக்கு ஷோர்ட்-டேர்ம் ஸ்டடி விசா என்று தனியாக ஒன்று உண்டு. அதை அங்கே இருந்துகொண்டு நீடிக்க முடியாது, அதில் வேலை செய்யவும் முடியாது. 2025 ஏப்ரல் கட்டணப்படி விசிட்டர் 127 பவுண், ஷோர்ட்-டேர்ம் 214, ஸ்டூடண்ட் 524. ஸ்டூடண்ட் என்றால் அதற்கு மேல் வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம், 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டிய காசு, ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதால் காசநோய்ப் பரிசோதனை. பத்து வாரம் படிக்கப் போகிற பிள்ளைக்கு இவ்வளவும் எதற்கு? மாணவரைச் சேர்த்தால் முகவருக்குக் கல்லூரிகள் கமிஷன் கொடுப்பது வழக்கம். நீளமான படிப்புக்குக் கட்டணம் கூட, அதனால் கமிஷனும் கூட வரும். கமிஷன் வாங்கட்டும், ஆனால் அதற்காக ஒரு பிள்ளைக்குப் பொய் சொல்லக்கூடாது.

இரண்டாவது இடம் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், புடைவைக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. முன்பு வங்கியில் வேலை செய்த ஒரு அக்கா தனியாக நடத்துகிறார். தன்னால் பார்க்கக்கூடிய அளவுக்குத்தான் ஆட்களை எடுக்கிறேன், பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. பேப்பர் பார்த்துத் தருவதற்கு 15,000 ரூபா, கல்லூரிகளிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. போனதும் கேட்ட கேள்விகள்: எத்தனை வாரம்? வகுப்பு முடிந்த பிறகும் அங்கே நிற்கும் எண்ணம் இருக்கிறதா? இங்கே திரும்பி வர என்ன இருக்கிறது? தங்கச்சி பள்ளிக்கூடத்தின் லீவுக் கடிதத்தைக் காட்டினாள். அதில் திரும்பி வேலைக்குச் சேர வேண்டிய தேதி இல்லை என்று உடனே பிடித்து, அதைப் போட்டுப் புதிதாக வாங்கி வரச் சொன்னார்.

அப்புறம் வங்கி அறிக்கை. பென்சிலை வைத்து வரி வரியாக இறங்கினார். மார்ச் மாதத்தில் ஆறு லட்சம் மொத்தமாக விழுந்திருந்த இடத்தில் பென்சில் நின்றது. "தங்கச்சி, இது எங்கிருந்து வந்தது?" கொட்டாஞ்சேனையில் ஒரு மாமி நடத்தும் குலுக்குச் சீட்டு, 24 பேர், மாதம் 25,000. சீட்டுக்கு ஏது ரசீது? நாங்கள் முழித்தோம். அக்கா இரண்டு வருட அறிக்கையை வாங்கி வரச் சொல்லி, மாதாமாதம் 25,000 வெளியே போன ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு சரி போட்டார். மாமியிடம் ஒரு கடிதம், தங்கச்சி கையெழுத்தில் ஒரு விளக்கம், இரண்டையும் அறிக்கையோடு வைத்தார். ஷோ மணி போட்டு மறைப்பதற்கும் உள்ள காசை உள்ளபடி காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கேதான் விளங்கியது. விண்ணப்பத்தில் ஏமாற்றியதாகப் பிடிபட்டால் பிரித்தானியாவில் பத்து வருடத் தடை. கமிஷன்காரருக்கு அடுத்த ஆள் வருவார், தடை பிள்ளையின் தலையில்தான்.

மூன்று கிழமைக்குள் விசா வந்தது. ஆனால் நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பது விசா வந்ததற்காக இல்லை. எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு தம்பிக்கு, "நீங்கள் அங்கே வேலையும் செய்ய நினைக்கிறீர்கள், விசிட்டரில் போனால் அது பிழை, இப்போது போடாதீர்கள்" என்று சொல்லி, காசு வாங்காமல் அனுப்பியதைக் கண்ணால் பார்த்தேன்.

வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு, அக்கா சொன்னதும் நான் பிறகு அந்தந்த அரசாங்கத் தளங்களில் வாசித்ததுமாகக் கொஞ்சம். கனடாவில் ஆறு மாதமோ அதற்குக் குறைவோ உள்ள படிப்புக்கு ஸ்டடி பெர்மிட் தேவையில்லை, ஆனால் எங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசிட்டர் விசா கட்டாயம், படிப்பும் அனுமதித்த காலத்துக்குள் முடிய வேண்டும். அவுஸ்திரேலியாவில் 600 இலக்க விசிட்டர் விசாவில் பொதுவாக மூன்று மாதம் வரைதான் படிக்கலாம், அதற்கு மேல் என்றால் 500 இலக்க ஸ்டூடண்ட் விசா. "விசிட்டரில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று இன்னமும் சொல்லித் திரிகிறார்கள், தயவுசெய்து நம்பாதீர்கள், 2024 ஜூலை 1 முதல் விசிட்டர் விசாவில் நிற்கிறவர் அங்கிருந்து ஸ்டூடண்ட் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. அமெரிக்காவுக்கு வாரத்தில் 18 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் வகுப்பு என்றால் எஃப்-1 என்ற மாணவர் விசா பக்கம்தான் போக வேண்டும், எத்தனை கிழமை என்பதைவிட எத்தனை மணித்தியாலம் என்பதைப் பாருங்கள். ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் ஷெங்கன் விசாவில் (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா) 180 நாளில் 90 நாள்தான், நீண்ட மொழிவகுப்பு என்றால் அந்த நாட்டின் தேசிய விசா.

குறையும் சொல்ல வேண்டும். அக்கா போனை லேசில் எடுக்கமாட்டார், வாட்ஸப்பில் பேப்பர் அனுப்பினால் பார்க்கமாட்டார், எல்லாம் அச்சில் வேண்டும். கார்டும் எடுப்பதில்லை. வயதானவர்களுக்கு அந்த மாடிப்படி கஷ்டம், அப்பாவைக் கீழேயே இருக்க வைத்துவிட்டுத்தான் ஏறினோம். பிறப்புச் சான்றிதழ் போன்றவை தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் மொழிபெயர்ப்புக்கு நீங்களேதான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டும், அதற்கு ஒரு கிழமை ஒதுக்குங்கள்.

போகிறவர்கள் 100ஆம் இலக்க பஸ்ஸில் சந்தைக்குக் கிட்ட இறங்கி யாரிடமாவது கேளுங்கள், புடைவைக்கடைக்காரர்களுக்கு அவரைத் தெரியும். சனிக்கிழமை பின்னேரம் வேண்டாம், படி வரை ஆள் நிற்கும். வங்கி அறிக்கை மட்டும் ஆறு மாதத்துக்கு இல்லாமல் இரண்டு வருடத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.