மோதலில் தொடங்கும் காதல் நாவல்கள்: வருடக்கணக்கில் வாசித்த பிறகு எது தேறுகிறது?

முட்டிக்கொண்டு நின்ற இரண்டு பேர் கடைசியில் மாலை மாற்றிக்கொள்ளும் கதையை மதுரைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம். எட்டுத் திக்கும் வென்று கயிலை வரை படை நடத்திய தடாதகை, அதாவது மீனாட்சி, சிவகணங்களை விரட்டியடித்துவிட்டு, எதிரே வந்து நின்ற சிவனைப் பார்த்ததும் நாணித் தலைகுனிந்தாள் என்கிறது திருவிளையாடற் புராணம். அங்கே பார்த்த கணமே போதும், அவள் பிறந்தபோதே அசரீரி சொல்லிவிட்டது. இன்றைய காதல் நாவலில் அசரீரி கிடையாது. ஒன்பதாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் அந்த மனசு எப்படி மாறியது என்று எழுத்தாளர்தான் முன்னூறு பக்கத்தில் காட்டியாக வேண்டும். இந்த வகைக் கதைகளை விடாமல் வாசிக்கிறவர்கள் கடைசியில் எடை போடுவது அந்த நடுப்பகுதியைத்தான்.

முதல் வாசிப்பில் எல்லாக் கதையும் ஓடிவிடும். சண்டை வசனம் காரமாக இருந்தால் போதும், பக்கம் தானாகப் புரளும். இரண்டாம் முறை எடுக்கும்போதுதான் சாயம் வெளுக்கிறது. முதலில் வெளுப்பது ‘தப்பாகப் புரிந்துகொண்ட’ கதைகள். யாருடனோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சந்தேகம், பாதிக் கடிதத்தைப் படித்துக் கோபம். ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகு நூறு பக்கச் சண்டையைப் பொறுமையாக வாசிக்க முடியவில்லை. அடுத்தது, எல்லாப் பழியையும் ஒரு சித்தப்பா தலையில் கட்டிவிடும் கதைகள். சதி செய்தது அவர்தான் என்று தெரிந்ததும் இவர்கள் இருவருக்கும் தீர்க்க ஒன்றுமே இல்லாமல் போகிறது. அவரைப் போலீஸ் பிடித்துப்போகும், இவர்கள் கட்டிக்கொள்வார்கள்.

நம் பக்கத்துக் கதைகளில் நிஜமான பகைக்குப் பஞ்சமே இல்லை. கோயில் கொடையில் யாருக்கு முதல் மரியாதை, வாய்க்கால் தண்ணீரில் யாருக்கு முன்முறை, பாகப்பிரிவினையில் விட்டுப்போன கிணறு, பரிசம் போட்ட பிறகு நின்றுபோன அக்கா கல்யாணம். இவற்றில் எதை எடுத்தாலும் இரண்டு பக்கமும் பேச நியாயம் இருக்கும். அந்த நியாயத்தை இரண்டு வாயிலிருந்தும் கேட்டுவிட்டோமா என்பதுதான் முதல் சோதனை. புத்தகத்தில் பதினைந்து சதவீதம் தாண்டியும் ஒருவர் பக்கம் மட்டுமே தெரிகிறது என்றால் பெரும்பாலும் அந்தக் கதை தேறாது.

ஒரு களத்தை வைத்தே பார்ப்போம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். நாயகி உசிலம்பட்டி பக்கத்தில் மல்லிகை போட்டிருக்கும் வீட்டுப் பெண். நாயகன் சென்ட் ஃபேக்டரிக்குப் பூ எடுக்கிறவன். வெயில் காலத்தில் வரத்து கொட்டும், விலை சரியும். மார்கழி, தைப் பனியில் செடி பூக்காது, முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். வரத்து மிஞ்சிய நாளில் ஃபேக்டரிக்காரன் வைத்ததுதான் ரேட்டு. அவள் அவனைக் கொள்ளைக்காரன் என்கிறாள். மார்க்கெட் கைவிட்ட பூவை எடுக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், எனக்கும் மேலே ஒருத்தர் ரேட்டுக் கட்டுகிறார் என்கிறான் அவன். இரண்டும் உண்மை. இப்படி ஒரு பகை கிடைத்தால் கதைக்கு அஸ்திவாரம் விழுந்துவிட்டது.

சுமாரான நாவல் இதை எப்படிக் கெடுக்கும்? ஒருநாள் அவன் அவள் வீட்டுப் பூவை மட்டும் மூன்று மடங்கு விலைக்கு எடுப்பான், அவள் உருகிவிடுவாள். அவள் சண்டை போட்டது ஊர் முழுக்க உள்ள விவசாயிக்காக. இப்போது அவளுக்கு மட்டும் சலுகை கிடைத்துச் சண்டை பாதியில் செத்துவிட்டது. நல்ல நாவலில் அவன் சீசன் முழுக்கக் குறைந்தபட்ச ரேட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் மல்லுக்கு நிற்பான், தன் கமிஷனில் இழப்பான், அவளிடம் மூச்சுவிட மாட்டான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கையில் இருக்கும் எடைச் சீட்டில் அந்த ரேட்டை அவளே பார்ப்பாள். அவளுக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்க வேண்டும். அவன் தராசில் கோளாறு என்று நாலு பேர் நடுவில் சொல்லியிருக்கிறாள், அது பொய்யென்று தெரிகிறது. மார்க்கெட்டில் சொன்ன பழியை மார்க்கெட்டில், அதே ஆட்கள் காதில் விழும்படிதான் திரும்ப வாங்க வேண்டும். தனியாக மொட்டை மாடியில் ‘சாரி’ சொல்லி முடித்துவிடுகிற கதைகளில் அந்த இடம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எப்போது திரும்ப வேண்டும் என்பதற்கு 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ இன்றும் நல்ல அளவுகோல். மொத்தம் 61 அத்தியாயம். நாயகன் முதல் முறை பெண் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வது 34இல். அவள் சுமத்திய குற்றங்களுக்குப் பதில் எழுதிய கடிதத்தை அவள் வாசிப்பது அடுத்தடுத்த அத்தியாயங்களில். அதாவது பாதி தாண்டிய பிறகுதான் பகை உச்சத்துக்கே போகிறது, மீதிப் பக்கம் முழுக்க மனசு மாறுவதற்கு. இப்போது வரும் பல கதைகளில் இருபது சதவீதத்திலேயே இருவரும் மனசுக்குள் உருகத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் சண்டை எல்லாம் வீம்பு. எண்பது சதவீதத்தில் வரும் பிரிவும் அப்படித்தான். ஆரம்பத்தில் இருந்த அதே காயம் திரும்பக் கீறப்பட்டால் பதறுகிறது. புதிதாக ஒரு முன்னாள் காதலி விமானத்தில் வந்து இறங்கினால் பக்கத்தைத் தள்ளத்தான் தோன்றும்.

ஒரே அறை, அடைமழை, கொடைக்கானல் மலைப்பாதையில் நின்றுபோன கார், இரவெல்லாம் காய்ச்சல். இவை தப்பே இல்லை, பலருக்கும் பிடித்த இடங்களே இவைதான். அந்த நேரத்தில் அவள் அதுவரை நம்பியதற்கு மாறாக அவனிடம் எதையாவது பார்த்தாளா என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் இருந்ததால் மட்டும் பகை தீராது.

‘ஆன்டி ஹீரோ’ முத்திரையோடு வருபவற்றைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பழிவாங்கக் கடத்தி வந்து தாலி கட்டுவது, அறைவது, வீட்டில் பூட்டுவது. பகை என்றால் இரண்டு பக்கமும் திருப்பி அடிக்கத் தெம்பு வேண்டும். அவளுக்குப் போக இடமில்லை, கையில் காசில்லை, போனையும் பிடுங்கியாயிற்று என்றால் அது கொடுமை, அதை மோதல் கணக்கில் சேர்க்கவே கூடாது. மன்னிப்பும் அங்கே கடைசி இரண்டு எபியில் (எபிசோடில்) அவசரமாக வரும். பெரும்பாலும் அவன் விபத்தில் அடிபட்டு ஐசியுவில் கிடப்பான். சாகக் கிடப்பவனை மன்னிக்க மாட்டேன் என்று யாரால் சொல்ல முடியும்? அவளுக்கு வேறு வழியே விடவில்லை. செய்தது இன்னதென்று தன் வாயால் சொல்லி, அதற்கான விலையைக் கொடுத்து, அவள் ‘முடியாது’ என்றாலும் ஏற்றுக்கொண்டு விலகி நிற்கிற நாயகனை எழுதியவர்கள் உண்டு. தேடிப் பிடித்து வாசிக்க வேண்டியது அவர்களைத்தான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கையிலேயே ஒரு வசதி இருக்கிறது. பேச்சு வார்த்தை அற்றுப்போன முறைக்கார வீடுகளில் நடுவே ஒரு குழந்தையை நிறுத்தி, “அவுகளத் தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு” என்பார்கள். கேட்க வேண்டியவர் ரெண்டடி தள்ளித்தான் நிற்பார். அவள் பாதிப் புத்தகம் வரை ‘மாமா’ என்று கூப்பிடாமலே காலம் தள்ளலாம். ஆபீஸ் கதை என்றால் ‘சார்’ கோபத்தில் ‘நீ’ ஆகும், சமாதானமான பிறகு அது ‘நீங்க’ என்று திரும்புகிறதா, அதே ‘நீ’ வேறு குரலில் தங்கிவிடுகிறதா என்பதிலேயே இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இதை விட்டுவிட்டு ‘அவன் கண்கள் சிவந்தன’ என்று பக்கத்துக்கு மூன்று முறை எழுதுவது எவ்வளவு பெரிய வீணடிப்பு!

வாங்குவது பற்றி. பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் மாத நாவலில் இடம் குறைவு, அதனால் பகை வேகமாகத் தொடங்கி அவசரமாக முடியும், ரயில் பயணத்துக்குச் சரி. செயலிகளில் வரும் தொடர்களில் கோளாறு நேரெதிர். ஒவ்வொரு யூடியும், அதாவது புதிதாக ஏற்றும் ஒவ்வொரு பகுதியும், ஒரு திருப்பத்தில் நின்றால்தான் வாசகர் மறுநாள் வருவார், அதனால் தீர்ந்த சண்டையையே மறுபடி கிளப்புவார்கள். சந்தாவில் வாசிக்கப்பட்ட பக்கக் கணக்கில் எழுத்தாளருக்குப் பணம் வரும் கிண்டில் அன்லிமிடெட் போன்ற இடங்களிலும் கதை நீளக் காரணம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தொடரைத் தொடாமல் ‘முடிவுற்றது’ என்று போட்டதை எடுங்கள். காசு கட்டித் திறக்கும் முன் இலவச அத்தியாயங்களில் பகைக்குக் காரணம் சொல்லப்பட்டதா என்று பாருங்கள். பிறகு கருத்துப் பகுதியில் நடு அத்தியாயங்களுக்குக் கீழே போய்ப் பாருங்கள். ‘சீக்கிரம் சேர்த்து வைங்க சிஸ்’ என்பது மட்டுமே வரிசையாக இருந்தால் கதை இழுக்கிறது. யார் பக்கம் நியாயம் என்று வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்தால் தயங்காமல் வாங்கலாம்.