கண்காட்சிக்குச் சின்ன வெங்காயம் போடுபவர்களே, விதை வாங்கும்முன் படியுங்கள்

இங்கிலாந்தில் அலாட்மென்ட் (காய்கறி போட வாடகைக்கு எடுக்கும் தோட்டத் துண்டு) வைத்திருப்பவர்கள், காய்கறிக் கண்காட்சிக்குச் சின்ன வெங்காயம் வைக்க ஆசைப்படுபவர்கள், இந்த டிசம்பரில் விதை வெங்காயம் வாங்கும்முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன டிசம்பரில் இணையத்தில் ஒருவரிடம் 20 விதை வெங்காயம் வாங்கினேன். ஒன்று 2 பவுண்டு. ‘ஹாட்டிவ் டி நியோர்’ ரகம் என்றார். உருண்டை வடிவம், மெலிந்த கழுத்து, பழுப்புத் தோல் என்று கண்காட்சிக்காரர்கள் தேடி அலையும் ரகம் அது. அவர் போட்ட படத்தில் 12 காய்கள், தாளை ராஃபியா நாரால் கட்டி, காய்ந்த மணல்மேல் அச்சில் வார்த்தாற்போல் நின்றன. அந்தப் படத்தை நம்பித்தான் பணம் அனுப்பினேன்.

வந்த காய்கள் ஈரமாக இருந்தன. அப்போதே யோசித்திருக்க வேண்டும். கண்காட்சிக்கு வளர்ப்பவர்கள் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ பிடுங்கி, நிழலில் கம்பிவலைமேல் பரப்பி, வாரக்கணக்கில் காற்றாட உலர்த்துவார்கள். டிசம்பரில் தோல் சருகுபோல் சலசலக்கும். இவர் வேரையும் ஒட்டச் சீவியிருந்தார். கேட்டதற்கு, சுத்தம் செய்ததுதான், நேராகத் தரையில் நடலாம் என்றார். நானும் நட்டேன்.

ஜூனில் தாள்கள் மஞ்சளடித்துச் சாய்ந்தன. இழுத்ததும் கையோடு வந்தன. அடியில் பஞ்சுபோல் வெள்ளைப் பூசணம், அதில் கடுகைவிடச் சிறிய கருப்பு உருண்டைகள். வெள்ளை அழுகல் நோய். அந்த உருண்டைகள் மண்ணில் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். வீட்டுத் தோட்டத்தில் அடிக்க மருந்தும் கிடையாது. வெங்காயம், பூண்டு, வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக் எதையும் இனி அந்தப் பாத்தியில் வைக்க முடியாது. 40 பவுண்டு போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைத் தாங்க முடியவில்லை.

பிழைத்த ஆறு காய்களை உலர்த்திப் பார்த்தேன். நீளமாக, சிவந்த தோலோடு, கடையில் சமையலுக்கு விற்கும் வெங்காயம்! ரகமும் பொய். விற்றவரோ நோய் என் மண்ணில் இருந்ததுதான் என்கிறார். போன வருடம்வரை அங்கே புல்தான் இருந்தது.

வாங்குவதானால் கண்காட்சியிலேயே வளர்த்தவரை நேரில் பார்த்து, காயைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். வந்ததும் தரையில் வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித் தொட்டியில், புதிதாக வாங்கிய உரமண்ணில் வையுங்கள். முதல் வருடம் முழுக்கத் தொட்டியிலேயே வளரட்டும். நோய் இருந்தால் அந்தத் தொட்டியோடு போகும். என் பாத்தி மண் ஒட்டிய மண்வெட்டியை இப்போது கழுவாமல் வேறு இடத்தில் வைப்பதில்லை. பக்கத்துப் பாத்திக்காரரிடமும் சொல்லிவிட்டேன், அவர் பூண்டு போட்டிருக்கிறார்.