பிளைவீல் பேசிங், ஷிம்: ஓட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன்

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதுசு, ஆனாலும் ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தால் வண்டி முழுக்க உதறியது. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பழைய டீசல் வண்டி. கியர்பாக்ஸை மறுபடி இறக்கினால், பிளைவீல் (இன்ஜினோடு சுற்றும், கிளட்ச் பிளேட் அழுந்தும் கனமான சக்கரம்) முகத்தில் கருநீலத் திட்டுகள். சூட்டில் அந்த இடங்கள் மட்டும் இறுகிப் போயிருந்தன. லேத்தில் கடைந்தால் டூல் அவற்றின் மேல் ஏறி இறங்கும், மேடு போகாது, முகத்தைச் சமமாக்கும் இந்த பேசிங்கை கல் வைத்து கிரைண்டிங்கில்தான் செய்ய வேண்டும்.

முதலில் விரிசல் பாருங்கள். மேலோட்டமான மயிரிழைக் கோடுகள் தேய்த்தால் போய்விடும். போல்ட் ஓட்டை வரை ஓடும் விரிசலோ ஆழமான விரிசலோ இருந்தால் யார் சொன்னாலும் மாட்டாதீர்கள், ஓடும்போது பிளைவீல் உடைந்தால் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். டூயல் மாஸ் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டைத் துண்டு) வகையென்றால் பேசிங் யோசனையையே விடுங்கள், புதுசுதான்.

எனக்கு பேசிங்கில் 0.6 மி.மீ. போனது. என் பிளைவீலில் பிரஷர் பிளேட் உட்காரும் இடம் ஒரு படி உயரமாக இருக்கும். முகத்தில் எடுத்த அளவை அங்கேயும் எடுக்காவிட்டால் பிளேட்டை அழுத்தும் பிடிமானம் குறைந்து கிளட்ச் வழுக்கும், இதை ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) சரிசெய்யாது. முகம் இன்ஜின் பக்கம் தள்ளிப்போன அந்த 0.6-ஐ மட்டும்தான் ஷிம் ஈடுகட்டும். அது கிராங்க் பிளாஞ்சுக்கும் (பிளைவீல் மாட்டும் கிராங்க் முனை) பிளைவீலுக்கும் நடுவே, போல்ட் ஓட்டைகளோடு வெட்டிய ஒரே வளையமாக இருக்க வேண்டும். போல்ட்டுக்கு ஒரு வாஷர் என்று வைத்தால் பிளைவீல் ஆடும், போல்ட் அறுந்துவிடும்.

ஷிம் கனத்துக்கு போல்ட் மரை பிடிப்பும் குறைகிறது, அதனால் புது போல்ட் போட்டு, எதிரெதிராக, கம்பெனி சொன்ன டார்க்கில் இறுக்கினோம். அப்புறம் பிளைவீல் கோணாமல் சுற்றுகிறதா என்று டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, ஸ்டார்ட்டர் பல் முழுசாகக் கடிக்கிறதா என்றும் பார்த்தோம்.

ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முழு லோடோடு ஏறியும் உதறல் இல்லை, பெடல் பழைய இடத்திலேயே பிடிக்கிறது. அடுத்த கிளட்ச் மாற்றும்போது ஷிம் மேல் ஷிம் வைக்கப் போவதில்லை, புது பிளைவீலுக்கே பணம் ஒதுக்கிவிட்டேன்.