ஆப்பிலேயே வந்த ஆப்பு: தகயாமாவில் போன 49,312 ரூபாய்

ஜப்பான் குளிர்காலப் பயணத்தைப் பற்றி விலாவாரியாக எழுதுகிறேன், குறிப்புகளும் தருகிறேன் என்று கிளம்பும் முன் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். இப்போது அந்த மனநிலை இல்லை. தகயாமாவில் விடுதி அறையில் உட்கார்ந்து, பக்கத்தில் அம்மா தூங்க, வயிற்றெரிச்சலோடு தட்டிக்கொண்டிருக்கிறேன். முந்தாநாள் மதியம் என் கார்டிலிருந்து 49,312 ரூபாய் போய்விட்டது. யாரும் பையில் கைவிடவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன்.

விடுதியின் பெயரும் முன்பதிவுத் தளத்தின் பெயரும் இங்கே வேண்டாம். உலகம் முழுக்க அறை பிடித்துத் தரும் பெரிய தளங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

அறை போட்டது அக்டோபரில். மூன்று இரவு, இரண்டு வேளைச் சாப்பாட்டோடு 82,500 யென், நேரில் வந்து கட்டினால் போதும். அம்மா சுத்த சைவம். இங்கே காய்கறிக் குழம்பு என்று தருவதில்கூட தாஷி இருக்கும். அது பெரும்பாலும் சூரை மீனைக் காயவைத்துச் சீவி இறக்கும் சாறு. அதனால் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே விடுதிக்கு எழுதிக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. அம்மாவுக்கு மட்டும் கொம்பு என்ற கடற்பாசியில் தனியாகச் சாறு வைத்துத் தருகிறோம், முட்டை சேர்க்கலாமா, வெங்காயம் பரவாயில்லையா என்று நாலைந்து தடவை விசாரித்தார்கள். சொந்தக்காரர் வீட்டில்கூட இப்படிக் கேட்க மாட்டார்கள் என்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன். என் நம்பிக்கை அங்கேதான் ஆரம்பித்தது.

முந்தாநாள் நகோயாவில் ஹிடா எக்ஸ்பிரஸ் ஏறினோம். கிஃபுவில் வண்டி திசை மாறும் என்பதால் அதுவரை எல்லோரும் முதுகு காட்டியே போகவேண்டும். "ஏண்டி, தப்பா உட்கார்ந்துட்டமா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். கெரோவைத் தாண்டியதும் பனி கண்ணில் பட ஆரம்பித்தது. அம்மா பார்க்கும் முதல் பனி. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். நான் அவளைப் படம் பிடிக்கப் போனை எடுத்தேன். அப்போதுதான் அந்தச் செய்தி.

விடுதியிலிருந்து. அதே ஆப், அதே பெட்டி, கொம்புச் சாறு பதிலுக்கு நேர் கீழே. "உங்கள் கார்டு சரிபார்ப்பு முடியவில்லை, உடனே உறுதி செய்யாவிட்டால் அறை தானாக ரத்தாகும், பணம் ஏதும் பிடிக்கப்படாது." என் பெயர், தேதிகள், 82,500 யென், எல்லாம் சரி. ஒரு லிங்க். திறந்தால் விடுதியின் படம், தளத்தின் நிறம், மேலே முப்பது நிமிடக் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது.

அந்தப் பாதையில் சுரங்கம் மாற்றிச் சுரங்கம். சிக்னல் வந்து வந்து போகிறது, கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. கொட்டும் பனியில் ராத்திரி அம்மாவை எங்கே படுக்கவைப்பது என்ற ஒரே நினைப்பு. "அது அவங்களே அனுப்பினதுதானே?" என்று அம்மா கேட்டாள். "ஆமாம்மா, அதே ஆள்தான்" என்றேன். கார்டு எண் போட்டேன். ஓடிபி வந்தது, போட்டேன். பிழை, மறுபடி போடு என்றது. மறுபடியும் போட்டேன், புத்திசாலி.

அந்த ஓடிபி செய்தியை இப்போது எத்தனை தடவை படித்துவிட்டேன்! தொகை யென்னில் இல்லை, யூரோவில் இருக்கிறது. கடையின் பெயர் ஏதோ வாயில் நுழையாத பெயர். ஆறு எண்ணைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. இரண்டாவது முயற்சி தோற்றது என் சாமர்த்தியத்தால் அல்ல. வெளிநாட்டுச் செலவுக்கு 75,000 என்று வரம்பு வைத்திருந்தேன், அதில் முட்டி நின்றது. இல்லாவிட்டால் இன்னொரு 49,312.

விடுதிக்கு வந்து சொன்னதும் ஒகாமி (விடுதி அம்மா) முகம் மாறியது. மேசைக்கு அடியிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தார். எங்கள் தளக் கணக்குக்குள் யாரோ புகுந்து போலிச் செய்தி அனுப்புகிறார்கள், லிங்கைத் தொடாதீர்கள் என்று இரண்டு மொழியில். எப்போதிலிருந்து? போன வாரத்திலிருந்தாம்! போன வாரமே தாள் அடித்தவர்களுக்கு எனக்கு ஒரு மின்னஞ்சல் போடத் தோன்றவில்லை. மேசைக்குப் பின்னால் இருக்கும் எச்சரிக்கை, ரயிலில் வருகிறவளுக்கு எப்படித் தெரியும்? அவர் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார், நாலு முறை. "அவ என்னடி பண்ணுவா, பாவம்" என்கிறாள் அம்மா. கொம்புச் சாறு சொன்னபடியே வந்தது, ருசியாகவும் இருந்தது. அதனால் நாளைக் காலை 82,500 யென் கட்டாமல் போக முடியுமா?

தளத்தின் வாடிக்கையாளர் சேவை: "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் பணம் எங்கள் தளத்தில் கைமாறவில்லை." செய்தி உங்கள் பெட்டியில்தானே வந்தது? "அது விடுதியின் கணக்கிலிருந்து வந்தது." விடுதியைக் கேட்டால் தளத்தைக் கேளுங்கள். வங்கியைக் கேட்டால், "ஓடிபியை நீங்களேதானே போட்டிருக்கீங்க மேடம்." மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் நஷ்டத்துக்கு வாடிக்கையாளர் பொறுப்பில்லை என்கிற ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையைச் சொன்னேன். அது வாடிக்கையாளர் கவனக்குறைவாக இல்லாதபோது என்று அழகாகப் படித்துக் காட்டினார்கள்.

நேற்று ஷிரகவாகோ. பஸ் டிக்கெட் ஏற்கெனவே எடுத்திருந்ததால் போனோம், தகயாமாவிலிருந்து ஐம்பது நிமிடம். 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். செங்குத்தான புல் கூரைகள், மேலே மெத்தை மெத்தையாகப் பனி. இந்தக் கூரைப் பாணிக்குக் கஷோ என்று பெயர், கஷோ என்றால் கைகூப்புதல் என்று சொல்லும் முன்பே "கும்பிடுற கை மாதிரி இருக்குடி" என்றாள் அம்மா. நான் எதைப் பார்த்தேன்? தொங்கு பாலத்தில் நின்று, தளத்திலிருந்து வரும் என்ற அழைப்புக்காகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழைப்பு வந்தது. 38 சதவீதம் காட்டிய பேட்டரி குளிரில் அப்படியே அணைந்துபோனது. திரும்ப அவர்கள் கூப்பிடவில்லை.

இன்று காலை கோபான், அதாவது தெருமுனைப் போலீஸ் சாவடி. சின்னப் பையன், மொழிபெயர்ப்பு ஆப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பொறுமையாக எழுதிக்கொண்டார். என்னைக் குறை சொல்லாத ஒரே ஆள் அவர்தான். ஊரில் தம்பியை விட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதியச் சொல்லியிருக்கிறேன்.

குறிப்புகள் தருவதாகச் சொன்னேன் இல்லையா, இவ்வளவுதான் இப்போதைக்கு. செய்தி ஆப்புக்குள்ளேயே வந்தாலும் லிங்கில் கார்டு எண் போடாதீர்கள். விடுதியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். ஓடிபியில் கடைப் பெயரையும் எந்த நாட்டுப் பணம் என்பதையும் படியுங்கள். வெளிநாட்டு வரம்பைக் குறைவாக வையுங்கள். போனைச் சட்டைக்கு உள்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், பவர் பேங்கையும்தான். கைரோ என்ற சூட்டுப் பொட்டலம் எல்லா கன்வீனியன்ஸ் கடையிலும் கிடைக்கும். ஏழு நாள் ஜேஆர் பாஸ் (ஜப்பான் ரயில் பாஸ்) 2023 அக்டோபரில் 50,000 யென்னுக்கு ஏறியது, கணக்குப் போடாமல் வாங்காதீர்கள். பூட்ஸ், துணி, சைவச் சாப்பாடு எல்லாம் வேறொரு நாள் எழுதுகிறேன்.

அடுத்து ஒகுஹிடாவில் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கு ஒரு ராத்திரி வைத்திருந்தோம். அதை இன்று ரத்து செய்துவிட்டேன். 49,312 ரூபாய் எங்கிருந்தாவது வரவேண்டுமே. அம்மாவிடம் அங்கே பனி அதிகம், பாதை மூடிவிட்டார்கள் என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

தளத்திலிருந்து நாலாவது ஆள் வந்திருக்கிறார். முதலிலிருந்து ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் அனுப்பச் சொல்கிறார். அனுப்பிவிட்டு வருகிறேன்.