அத்தையின் நெஞ்சுச்சளி

முக்கூடல் போய்ச் சேர்ந்த முதல் ராத்திரி, கொசுவைவிட அத்தையின் இருமல்தான் தூங்கவிடவில்லை. 40 வருசமாகப் பீடி சுற்றும் கை, அதோடு விறகடுப்புப் புகை. வருசத்துக்கு 3 மாதம் சளியோடு இருமி, அது 2 வருசம் தொடர்ந்தால், வேறு காரணமும் இல்லையென்றால், நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி என்பார்கள். அத்தை சொல்வது, "எப்பவும் உள்ளதுதான் மக்கா."

முதலில் ஒரு தனியார் கிளினிக். அஞ்சு நிமிசத்தில் பார்த்து ஒரு பை மருந்து கொடுத்தார்கள். இங்கிலாந்தில், லெஸ்டரில் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பவன் நான்; லேபிளைப் படிக்காமல் இருக்க முடியாது. ஒரு பாட்டிலில் சளியை இளக்கும் ஆம்ப்ராக்சால், இன்னொன்றில் இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன். இளகின சளி இருமினால்தானே வெளியே வரும்? கேட்டேன். "ரெண்டையும் குடுங்க, கேக்கும்" என்றார்கள்.

(ஆம்ப்ராக்சாலின் பூர்வீகம் ஆடாதோடை. அதிலுள்ள வாசிசின் என்ற சத்தைப் பார்த்துத்தான் ஜெர்மனியில் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தைச் செய்தார்கள். அது உடம்பில் மாறும்போது வருவது ஆம்ப்ராக்சால். அத்தை வீட்டு வேலியில் ஆடாதோடை சும்மா நிற்கிறது.)

மறுநாள் ஹைகிரவுண்ட். பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, காசம் இல்லை என்று பார்க்கச் சளி டெஸ்ட், குழாயில் ஊதும் டெஸ்ட். பைசா கேட்கவில்லை. சின்ன வயசு டாக்டரம்மா பிரஷர் உண்டா, குடல்புண் உண்டா என்று கேட்டுவிட்டு அசிட்டைல்சிஸ்டீன் 600 மில்லிகிராம் எழுதினார். கோழையைக் கெட்டியாகப் பிணைத்திருக்கும் கந்தகக் கட்டுகளை அறுக்கிற மருந்து. லெஸ்டரில் இதே வேலைக்கு நான் கார்போசிஸ்டீனைத்தான் அதிகம் எடுத்துக் கொடுப்பேன். "இதனால ஊதுற பலம் பெருசா கூடாது. அடிக்கடி முத்திப்போறது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்" என்றார். அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பிடித்திருந்தது. கரையும் மாத்திரையில் சோடியம் உண்டு, பிரஷரை அடிக்கடி பாருங்கள் என்றும் சொன்னார்.

மாத்திரையைவிட அத்தைக்கு உதவியது பிசியோதெரபி பிள்ளை காட்டியதுதான். "ஆச்சி, கண்ணாடியில ஆவி படியிற மாதிரி வாயைத் தொறந்து 'ஹா'ன்னு ஊதுங்க." ரெண்டு 'ஹா', கொஞ்சம் ஓய்வு, மறுபடி ரெண்டு. மூணாவது சுற்றில் அத்தை சேலை முந்தியை வாயில் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

அண்ணாச்சி கடையில் மாத்திரை வாங்கி, எவர்சில்வர் டம்ளரில் போட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது. அத்தை மோந்து பார்த்துவிட்டு, "என்னல இது, கூமுட்டை நாத்தம்?" கந்தகம் அத்தை என்றேன். விளக்கமெல்லாம் எடுபடவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தாள்.

பீடி சுற்றுவதை விடச் சொன்னதற்கு மட்டும் பதில் வரவில்லை. சுளகு மடியிலேயே இருந்தது. முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ள ஒத்துக்கொண்டாள். அடுப்பை கேஸுக்கு மாற்றியாச்சு.

போன வாரம் போனில்: "அட்டை தீந்துட்டு, நானே போய் வாங்கிட்டேன். நாத்தம் பழகிட்டுல."