ஐரிஷ் பூர்வீகம் தேட: அரசுப் பதிவா, பங்குப் பதிவேடா?

அயர்லாந்தில் மூதாதையரைக் காசில்லாமல் தேட இணையத்தில் இரண்டு பெரிய வாசல்கள் உண்டு. ‘ஐரிஷ் ஜீனியாலஜி’ என்ற அரசுத் தளத்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் ஒன்று. தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் ஏற்றிய கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள், அதாவது ஒவ்வொரு கோவில் வட்டாரத்திலும் (பங்கு) நடந்த ஞானஸ்நானம், திருமணக் குறிப்புகள், இன்னொன்று. எதில் இறங்குவதானாலும் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை முதலில் பார்த்துவிடுங்கள்; தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். அதில் வயதை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. 1909இல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. அதனால் அந்தப் பத்து ஆண்டில் பதினைந்து வயது கூடியவர்களும் உண்டு.

அரசுத் தளம்தான் என் தேர்வு. காரணம் திருமணப் பதிவு. மணமக்களின் ஊர், தொழில், இருவரின் தந்தை பெயர், சாட்சிகள் என இரண்டு தலைமுறை ஒரே வரிசையில் கிடைக்கும், அதுவும் மூலப் பக்கத்தின் படமாகவே. பழைய பங்குப் பதிவேட்டில் பெரும்பாலும் தம்பதி, சாட்சிகள் பெயரோடு சரி.

இங்கே தேடல் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: பதிவு மாவட்டம். அது கவுன்டி எனும் நிர்வாகப் பிரிவு அல்ல. ஏழைகள் நிவாரணத்துக்காக வகுத்த ‘யூனியன்’ எல்லை. கேரிக்-ஆன்-ஷானன் ஊர் லீட்ரிம் கவுன்டியில் இருக்கிறது. அதன் யூனியனோ பக்கத்துக் கவுன்டியான ராஸ்காமனுக்குள்ளும் நீளும். ராஸ்காமன் என்று மட்டும் தேடினால் ஆள் அகப்படமாட்டார். கணக்கெடுப்பிலிருந்து டவுன்லேண்ட் (ஊரின் மிகச் சிறிய நிலப் பிரிவு) பெயரை எடுத்து, அது எந்த யூனியனில் வருகிறது என்று பார்த்து, அந்த மாவட்டத்தில் தேடுங்கள். 1911 படிவத்தில் மணமாகி எத்தனை ஆண்டு என்ற கேள்வி உண்டு. கழித்தால் வரும் ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு சேர்த்துத் தேடினால் போதும். சல்லிவன், ஓ’சல்லிவன் இரண்டையும் போடுங்கள். பிரிஜெட் ‘டீலியா’வாகவும் இருப்பாள். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 19ஆம் நூற்றாண்டுப் பிறப்புகளின் அட்டவணையில் இராது. படத்தைத் திறந்தால்தான் தெரியும்.

பிறந்த தேதியில் மட்டும் கோவில் பதிவேட்டின் பக்கம் சாய்வேன். தாமதப் பதிவுக்கு அபராதம் இருந்ததால் பெற்றோர் தேதியைத் தள்ளிச் சொன்னார்கள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் ஆனதுபோல் தெரிந்தால் வியக்க வேண்டாம்.

கத்தோலிக்கர்களுக்கு அரசுப் பதிவு 1864இல்தான் தொடங்குகிறது. 1840களின் பெரும் பஞ்சத்தில் கப்பலேறியவர்களுக்குப் பங்குப் பதிவேட்டை விட்டால் வேறு வழி அரிது. அது ஏறத்தாழ 1880 வரை போகிறது. தொடக்கம் பங்குக்குப் பங்கு மாறும், மேற்கே பல இடங்களில் தாமதம். நூலகத் தளத்தில் பெயர்த் தேடல் இல்லை. வரைபடத்தில் பங்கைத் தேர்ந்து மாதம் மாதமாகப் புரட்ட வேண்டும். ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற தனியார் பூர்வீகத் தேடல் தளத்தில் இதற்குப் பெயர் அட்டவணை இலவசம், ஆனால் கையெழுத்தைத் தப்பாகப் படித்த இடங்கள் நிறைய. லத்தீனும் சேர்ந்துகொள்ளும்: ஜேம்ஸ் ‘யாகோபுஸ்’, வில்லியம் ‘குலியெல்முஸ்’. ஞானப்பெற்றோர் பெயரை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் உறவினர்கள்தான்.

குடும்பம் சர்ச் ஆஃப் அயர்லாந்து (ஆங்கிலிக்கன் சபை) என்றால் இந்த ஒப்பீடு பாதிதான் பொருந்தும். அவர்களுடைய பதிவேடுகளில் பெரும்பகுதி 1922இல் ஆவணக் காப்பகம் இருந்த டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் போனது. ஆனால் கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் 1845 முதலே அரசுப் பதிவில் இருக்கின்றன.