மூன்றாம் முறை 'தி வயர்', இந்த முறை அப்பாவோடு

தைப்பூசம் முடிந்த வாரம் 'தி வயர்' என்ற அமெரிக்கப் போலீஸ் தொடரின் முதல் வட்டைப் போட்டேன். வேலை நாளில் ஒரு எபிசோட், சனி ஞாயிறு என்றால் இரண்டு. 60 எபிசோடும் முடிய மார்ச் கடைசி ஆகிவிட்டது. இந்தத் தொடரை நான் முழுதாகப் பார்ப்பது இது மூன்றாவது தடவை. 2010-இல் டிவிடியில், 2016-இல் புளூ-ரேயில், இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

எச்பிஓ என்ற அமெரிக்கச் சேனலில் 2002 முதல் 2008 வரை ஐந்து சீசன் ஓடியது. கதை நடப்பது அமெரிக்காவின் பால்டிமோரில். உருவாக்கிய டேவிட் சைமன் அந்த ஊர்ப் பத்திரிகையில் போலீஸ் செய்தி எழுதியவர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் அங்கேயே கொலை வழக்குகளை விசாரித்துவிட்டு, பிறகு பள்ளி ஆசிரியராகப் போனவர். அவர்கள் பட்டறிவு ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. முதல் சீசனில் போதைப்பொருள் கும்பல்காரர்கள் பேஜரில் (எண் செய்தி வாங்கும் பழைய சிறு கருவி) அனுப்பும் எண்களைப் போலீசால் புரிந்துகொள்ள முடியாது. எண்பலகையில் நடுவில் இருக்கும் 5-ஐத் தாண்டி எதிர்ப்பக்க எண்ணைப் போட வேண்டும், 5-க்குப் பதில் 0, அவ்வளவுதான் ரகசியம். அதைக் கண்டுபிடிப்பது சூராதிசூரன் இல்லை, வெளியே அனுப்பினால் வம்பு என்று மேசையில் உட்கார வைக்கப்பட்ட ஒருவர். மூன்றாவது தடவையும் அந்த இடத்தில் எனக்குச் சிலிர்த்தது.

இனி வட்டுகளைப் பற்றி. தொடர் படமாக்கப்பட்டது 35 மி.மீ. ஃபிலிமில், பழைய டிவி போல 4:3 சட்டத்தில். டிவிடியில் அப்படியேதான் இருக்கிறது. 2015-இல் வந்த புளூ-ரேயில் இன்றைய அகல டிவிக்கேற்ப 16:9 ஆக விரித்துவிட்டார்கள். கூர்மையில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. இருட்டுத் தெருக்களில் டிவிடி சேறாகக் காட்டும் மூலையில் புளூ-ரே ஓர் ஆளின் முகத்தைக் காட்டுகிறது. ஆனால் கும்பலைச் சேர்ந்த டி'ஆஞ்சலோ இரண்டு பையன்களுக்குச் சதுரங்கம் சொல்லித்தரும் காட்சியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பழைய சட்டத்தில் மூவரும் பலகையோடு நெருங்கி, வெளியே போக வழியில்லாதவர்கள் போல இருக்கிறார்கள். அகலச் சட்டத்தில் சுற்றிலும் காற்று வந்துவிடுகிறது. விரித்ததில் சில காட்சிகள் மேம்பட்டன, சில இழந்தன என்று சைமனே ஒப்புக்கொண்டிருக்கிறார். தொடரின் காட்சி நடையை ஆரம்பத்தில் வகுத்த தயாரிப்பாளர் ராபர்ட் கோல்ஸ்பெரி 2004-இலேயே காலமாகிவிட்டார், அவரிடம் கேட்க வழியில்லை. என் தேர்வு: முதல் சீசன் டிவிடி, மற்றவை புளூ-ரே.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. டிவிடி அதனதன் பகுதிக்கான (ரீஜியன்) பிளேயரில்தான் ஓடும்: அமெரிக்க டிவிடி ரீஜியன் 1, நம் மலேசியா 3. அதனால் எல்லா ரீஜியனும் ஓடும் பிளேயர் வேண்டும். புளூ-ரேயில் அந்தத் தொல்லை இல்லை, நாமும் அமெரிக்காவும் ஒரே 'ஏ' ரீஜியன். அப்புறம் பினாங்கு ஈரம். ஜெலுத்தோங் வீட்டில் 15 வருடம் இருந்ததில் இரண்டு டிவிடி மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைப்பு. ஒன்று பிழைத்தது. இப்போது எல்லாம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில். ஆங்கில சப்டைட்டிலைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தெருப்பேச்சு காதுக்குப் பழகவே மூன்று எபிசோட் பிடிக்கும்.

இரண்டாவது சீசனை முதல் தடவை நான் பொறுமையில்லாமல் ஓட்டினேன். முதல் சீசனின் கும்பல் ஒதுங்கிப் போய், கதை திடீரென்று துறைமுகத்துக்கு நகர்ந்துவிடும். ஒரு கண்டெய்னரில் 13 பெண்களின் பிணம். சரக்கைக் கடத்தவிட்டுக் காசு வாங்கும் தொழிற்சங்கத் தலைவர் ஃபிராங்க் சொபோட்கா. அந்தக் காசையும் கால்வாயை ஆழப்படுத்தி ஆட்களுக்கு வேலை கொண்டுவர அரசியல்வாதிகளிடம் கொட்டுகிறார். அப்போது எனக்கு அது பிடிபடவில்லை.

இந்த முறை அப்பா கூட உட்கார்ந்தார். 70-களில் பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் பியர் கப்பல்துறையில் மூட்டை தூக்கியவர். சர்க்கரை மூட்டை, அரிசி மூட்டை, கையில் இரும்புக் கொக்கி. அப்புறம் கண்டெய்னர் எல்லாம் பட்டர்வொர்த் பக்கம் போனது, கும்பலாகச் செய்த வேலையைக் கிரேன் செய்தது. நான் அவ்வப்போது நிறுத்தித் தமிழில் சொல்வேன். சங்கடமான சில காட்சிகளைத் தாண்ட ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஏழாவது எபிசோடில் ஒரு கூட்டம். ராட்டர்டாம் துறைமுகத்தில் ஆளே இல்லாமல் இயந்திரம் கண்டெய்னர் நகர்த்தும் வீடியோவைப் போட்டுக் காட்டுவார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் ஃபிராங்கின் முகம் மெல்ல மெல்ல இறுகும். "நிறுத்தும்மா" என்றார் அப்பா. நிறுத்தினேன். திரையையே பார்த்துக்கொண்டு, "எங்களுக்கு இப்படிப் படம்கூடக் காட்டல. ஒருநாள் பேரு கூப்பிடல, அவ்வளவுதான்" என்றார். அவர் கூப்பிடப்படாமல் திரும்பிய அந்தக் காலையைப் பற்றி இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் பேச்சே எழுந்ததில்லை.

கதையில் பால்டிமோரின் தானியக் கிடங்குத் துறை, பணக்காரர்களின் குடியிருப்பாகப் போகிறது. நம் ஸ்வெட்டன்ஹாம் பியரில் இன்று உல்லாசக் கப்பல்கள் நிற்கின்றன. அப்பாவே இதைச் சொன்னார், நான் சொல்லவில்லை.

கொள்ளைக்காரன் ஓமராக நடித்த மைக்கேல் கே. வில்லியம்ஸ் 2021-இல் போய்விட்டார், போலீஸ் அதிகாரி டேனியல்ஸாக நடித்த லான்ஸ் ரெட்டிக் 2023-இல். அவர்கள் திரையில் நடந்து வரும்போது மனம் கனக்கிறது. நான்காவது சீசன், பள்ளிப் பிள்ளைகளின் கதை, இன்னும் என்னை உலுக்குகிறது. ஐந்தாவது, மூன்று தடவை பார்த்தும், மற்ற நான்குக்கு ஈடாகவில்லை.

வரும் ஞாயிறு அப்பாவோடு பியரில் வேலை செய்த மாமா ஒருவர் வீட்டுக்கு வருகிறார். சீசன் 2-ஐப் பார்க்க வேண்டுமாம். ஏழாவது எபிசோடை மட்டும் போட்டால் போதும் என்கிறார் அப்பா. நான் முதலிலிருந்துதான் போடப்போகிறேன்.